இருநூறு லிட்டருக்கும் இரண்டாயிரம் லிட்டருக்கும் நடுவே: நீலகிரிப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்

காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயிலில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கல்லாறு நிலையம் தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்கிவிடுகிறது; எஞ்சின் ஒவ்வொரு பல்லாகப் பற்றிக்கொண்டு பின்னாலிருந்து தள்ள, பெட்டிகள் மேலேறுகின்றன. 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் உதகை வரைக்கும் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் நான் பலமுறை வந்திருக்கிறேன். இந்த முறை பாலங்களையும் அருவிகளையும் விட்டுவிட்டு, கைப்பையில் கொண்டுவந்த வெப்பமானியையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேட்டுப்பாளையத்தில் 22 டிகிரி. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றபோது 19. குன்னூரில் இறங்கியபோது 17. மணி பத்தரை ஆகி மாசி வெயில் நன்றாக ஏறிய பிறகும் எண் இறங்கியே இருந்தது.

அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் ஒரு பல்கலைக்கழகத் துறையும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து கோத்தகிரிப் பக்கம் நுண்பாசி வளர்க்கும் முன்னோடி ஆலை ஒன்றை நடத்துகின்றன. என் பழைய மாணவி அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மூன்றாண்டு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. உற்பத்தியைப் பெருக்கும் இரண்டாம் கட்டத்துக்குப் போகலாமா என்று பார்த்துச் சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும் என இரு தரப்பும் விரும்பியதால், பொள்ளாச்சி வட்டாரத்தில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் என்னை அழைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மற்றதை எழுதத் தடை இல்லை. ஆகவே அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றே பதிவிடுகிறேன்.

நுண்பாசி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா. அது வெப்பத்தின் பிள்ளை. 35 டிகிரியை ஒட்டிய வெப்பமும், காரத்தன்மை (pH) 9-க்கு மேல் நிற்கும் சோடா நீரும்தான் அதற்குப் பிடிக்கும். அவ்வளவு காரத்தில் வேறு உயிர்கள் எளிதில் தலையெடுக்க முடியாததால் திறந்த தொட்டியிலேயே வளர்த்துவிடலாம். சுருள் சுருளான இழையாக இருப்பதால் துணியிலேயே வடிகட்டிவிடலாம். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்கள் இதை வழித்தெடுத்து அடையாக உலர்த்தி இன்றும் உண்கிறார்கள்.

கோத்தகிரியில் வளர்ப்பது அதுவல்ல. ஹீமேடோகாக்கஸ் எனும் நன்னீர்ப் பாசி. நல்ல நிலையில் பச்சையாக, இரண்டு கசையிழைகளோடு நீந்தித் திரியும் ஒற்றைச் செல். உணவு குறைந்து வெளிச்சம் கூடினால் இழைகளை உதிர்த்து உருண்டு, தடித்த சுவர் கட்டிக்கொண்டு, உள்ளே அஸ்டாக்சாந்தின் என்னும் செந்நிறமியைச் சேர்த்துவைக்கும். சால்மன் மீனும் இறாலும் சிவப்பது அந்த நிறமியால்தான். ஊட்டச்சத்துச் சந்தையில் அது விலை உயர்ந்த பொருள். ஆனால் பச்சைக் கட்டத்தில் இந்தப் பாசிக்கு 20 முதல் 25 டிகிரி வரைதான் இதமாக இருக்கும். 30-ஐத் தாண்டினால் வாடிவிடும். சமவெளியில் மூடிய குழாய்களில் வளர்த்தால் வெயில் ஏற ஏறக் குழாயைக் குளிரவைத்தே மின்சாரச் செலவு கையைக் கடிக்கும். சீனத்தில் யுனான் பீடபூமியின் உயரத்தில் இந்தப் பாசியை வளர்ப்பதற்கும் தட்பவெப்பமே முக்கியக் காரணம். அந்த வகையில் நீலகிரியைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் மட்டும் போதுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள்: குன்னூர்

கோத்தகிரிக்கு நாளைதான் வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் சிம்ஸ் பூங்கா வரை நடந்து, எதிரே இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தின் செங்கட்டடத்தைச் சாலையில் நின்று பார்த்தேன். 1907-இல் தொடங்கப்பட்ட இது வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காகப் பெயர் பெற்றது. இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்ததும் இங்கேதான் என்பது பலருக்குத் தெரியாது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இந்த வளாகத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் ஆகி, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. தீட்டிய அரிசி தின்பவனுக்கு ஏன் கால் மரத்துப் போகிறது என்ற கேள்வியைக் கேட்ட மலை இது.

என் மனம் அதிகம் தங்கியது லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவரிடம். பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகையால் இறப்பதற்குக் காரணம் தேடி 1928-இல் இந்தியா வந்தவர், 1929-இல் சில மாதங்கள் குன்னூரில் எலிகளுக்குப் பலவித உணவு கொடுத்து ஆய்வு செய்தார். அந்தத் தேடலின் முடிவில் நோயைத் தீர்க்கும் பொருளாக அவர் கண்டது, பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்டு மார்மைட் என்ற பெயரில் கடையில் விற்ற மலிவான சாறு. அதில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெளிவானது. ஒரு நுண்ணுயிரி, அதைத் தொட்டி தொட்டியாகப் பெருக்கத் தெரிந்த ஒரு தொழில், அதன் பயனைக் கண்டுபிடிக்கப் பொறுமை கொண்ட ஓர் ஆய்வாளர். நாங்கள் இப்போது பெரிய சொற்களால் பேசிக்கொண்டிருக்கும் பல்கலைக்கழக, தொழில்துறைக் கூட்டு அன்றைக்கு எந்த ஒப்பந்தமும் இல்லாமலே நடந்திருக்கிறது. அங்கே ஒரு வேறுபாடு உண்டு: ஈஸ்ட்டைப் பெருக்கும் வேலை முன்னமே முடிந்திருந்தது. லூசி வில்ஸ் யாரையும் சிறு குடுவையிலிருந்து பெரிய தொட்டிக்கு ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

நம் பாசிக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பாசியைப் பெருக்கிய கதை வெறுமையானதல்ல. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் கற்பித்த சி. வி. சேஷாத்ரி, முருகப்பா குழுமம் சென்னையில் நிறுவிய முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராகி, சுருள்பாசியைக் கிராமத்துத் தொட்டிகளில் வளர்க்கும் முறைகளை உருவாக்கினார். புதுக்கோட்டை மாவட்டத்துச் சிறு பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததும் அந்த மையம்தான். அதே மாவட்டத்தின் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் பெரிய பாசிப் பண்ணை பின்னர் எழுந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எழுபதுகளிலேயே ஜெர்மனியோடு சேர்ந்து பாசி வளர்ப்பில் இறங்கியது. இவற்றில் நான் மதிப்பது ஒன்றைத்தான்: ஆராய்ந்தவர்கள் குடுவையோடு நின்றுவிடாமல் சேற்றில் இறங்கித் தொட்டி கட்டினார்கள்.

மாலையில் விடுதி அறையில் ஒரு கணக்குப் போட்டேன். சுருள்பாசித் தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் உலர்பாசி என்பது நன்றாக நடக்கும் தொட்டியின் விளைச்சல். 100 சதுர மீட்டர் தொட்டி நாளுக்கு ஒரு கிலோ தரும்; ஒரு பிள்ளைக்கு ஒரு கிராம் என்றால் ஆயிரம் பிள்ளைகள். ஹீமேடோகாக்கஸ் ஒரு கிலோவில் நிறமி 3 சதவீதம் என்று கொண்டால் 30 கிராம். 4 மில்லிகிராம் மாத்திரையாக 7,500 மாத்திரைகள். முன்னதை வாங்க வேண்டியது அரசு. பின்னதை வாங்குவது வசதி உள்ளவர். நிறுவனங்கள் ஏன் இரண்டாவதைத் தேடிப் போகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு; ஆனால் இரண்டாவதில் கற்கும் தொழில்நுட்பம் முதலாவதுக்கும் உதவும் என்ற நம்பிக்கையோடுதான் வந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்: கோத்தகிரி

குன்னூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். இருபுறமும் தேயிலை, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள். மாணவி நிறுத்தத்தில் காத்திருந்தாள். "மேடம், ஸ்வெட்டர் கொண்டுவந்தீங்களா?" என்று கல்லூரி நாட்களில் நான் அவளிடம் கேட்பதுபோலவே அவள் கேட்டாள்.

ஆலை என்பது மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஒரு பகுதி. பச்சைத் தேயிலை விலை விழுந்து நின்றுபோன கட்டடத்தை நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. கொழுந்து வாட்டும் மேல்மாடி நீளமானது, காற்றோட்டமானது, இரு பக்கமும் கண்ணாடி ஜன்னல்கள் கொண்டது. அங்கே நான்கு ஒளிபுகும் நெடுங்குழாய்கள், ஒவ்வொன்றும் 200 லிட்டர், அடியிலிருந்து காற்றுக் குமிழ் ஏற நின்றன. உள்ளே கரும்பச்சை. வெளியே கூரையிட்ட முற்றத்தில் 2,000 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குழாய் அமைப்பு, வேலி போல வரிசை வரிசையாக. அது காலியாக இருந்தது.

மாணவி நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினாள். பச்சைச் செல்கள் பதற்றமாக நீந்தின. நடுவே ஒன்று மட்டும் நின்ற இடத்தில் நின்று, நடுப்பகுதியில் துருப்பிடித்தாற்போல் ஒரு செம்புள்ளி தொடங்கியிருந்தது. நேற்று வெளிச்சம் அதிகமாகப் பட்டிருக்கும் என்றாள். அந்தச் சிவப்பை நாம் கேட்கும் நாளில் கேட்கும் அளவுக்கு வரவழைப்பதுதான் முழு வித்தை. முதலில் சத்து நிறைந்த கரைசலில் பச்சையாகப் பெருக்க வேண்டும். பிறகு நைட்ரேட் இல்லாத கரைசலுக்கு மாற்றி, கடும் வெளிச்சத்தில் ஒரு வாரம் பத்து நாள் வாட்ட வேண்டும். ஒரே உயிரைக் கொழுக்க வைக்கவும் பட்டினி போடவும் தெரிய வேண்டும்.

பெருக்குவது தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். பத்தில் ஒரு பங்கு தாய்க் கல்ச்சர் விட்டு அடுத்த பாத்திரத்தைத் தொடங்க வேண்டும். 200 மில்லி குடுவையிலிருந்து 2 லிட்டர், அதிலிருந்து 20, அதிலிருந்து 200, அதிலிருந்து 2,000. நான்கு படிகள், படிக்கு ஒரு வாரம், ஆக ஒரு மாதம். கடைசிப் படியில் கெட்டுப்போனால் அந்த மாதம் முழுவதும் சாக்கடையில் போகிறது. கெடுவதற்கு வழிகளும் ஏராளம். ஸ்பைருலினாவைக் காக்கும் காரநீர் இதற்கு இல்லை. சாதாரண நன்னீரில் வளர்வதால் வேறு பாசியும் பாக்டீரியாவும் ஒற்றைச் செல் விலங்குகளும் விருந்துக்கு வந்துவிடும். பாராபைசோடெர்மா என்றொரு பூஞ்சை இந்தப் பாசிக்கே எமன். இஸ்ரேலின் செடே போக்கரை ஒட்டிப் பெயர் பெற்ற அது நுழைந்துவிட்டால் சில நாட்களில் தொட்டி முழுவதும் வெறும் கூடுகளாகிவிடும்.

ஆனால் இங்கே நான் கேட்ட கதையில் பூஞ்சையைவிடச் சாதாரணமான எதிரிகளே அதிகம். குடுவைக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் எட்டும். பாத்திரம் பருக்கப் பருக்க, உள்ளிருக்கும் நீருக்கு ஏற்ற அளவு மேற்பரப்பு குறைகிறது. குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் பரப்பு பாதியாகும். அடர்ந்த கல்ச்சரில் வெளிச்சம் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். நடுவில் இருக்கும் செல்லுக்கு அமாவாசைதான். அதற்காகக் குழாயைச் சன்னமாக்கினால் நீளம் கூடும். நீளம் கூடினால் பாசி வெளிவிடும் ஆக்சிஜன் வெளியேற வழியின்றிக் குழாயிலேயே தேங்கி அதையே மூச்சுத்திணற வைக்கும். ஒரு கிலோ பாசிக்கு ஏறத்தாழ 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஊட்ட வேண்டும். குடுவையில் அது காற்றிலிருந்து வந்துவிடுகிறது, 2,000 லிட்டரில் சிலிண்டரில் வாங்க வேண்டியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியாக இருக்கும் ஒவ்வொன்றும் இங்கே ஒரு பம்பாகவும் ஒரு வால்வாகவும் ஒரு பில்லாகவும் மாறுகிறது.

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபோது என் சொந்த அனுபவம் நினைவுக்கு வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரியும் ஒரு சிறு நிறுவனமும் சேர்ந்து ஸ்பைருலினா வளர்த்தோம். ஆய்வுக்கூடத்தில் 20 லிட்டர் கேன்களில் கண்கொள்ளாப் பச்சை. அதே கரைசல் கணக்கில், லிட்டருக்கு 16.8 கிராம் சோடா உப்பு போட்டு, நிறுவனத்தார் 1,000 லிட்டர் தொட்டியில் ஏற்றினார்கள். இரண்டாம் நாளே நீர் மோர் போல வெளுத்தது. பத்து நாளில் பாசி மஞ்சளாகிப் படிந்துவிட்டது. நாங்கள் காய்ச்சி வடித்த நீரில் வளர்த்திருந்தோம். அவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கடின நீரில் இருந்த கால்சியம் அந்தக் காரத்தில் சுண்ணாம்பாகத் திரண்டு, பாஸ்பேட்டையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் போய்விட்டது. எந்த நீர் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கரைசலின் பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகக் கொடுத்தபோது அதில் 'நீர்' என்ற சொல்லே இல்லை. அது என் தவறு. இந்த மலை நீர் மென்மையானது; மாணவி ஒவ்வொரு வாரமும் அளந்து எழுதுகிறாள் என்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது.

மதியம், அந்தத் தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது தேயிலை பதப்படுத்தும் பொறுப்பாளராக இருந்து இப்போது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைச் சந்தித்தேன். அருகிலுள்ள ஒரு ஹட்டியை, அதாவது படுகர் கிராமத்தைச் சேர்ந்தவர். பழைய டிரையரில் பாசியை உலர்த்திவிடலாம் என்று நிறுவனத்தார் தொடக்கத்தில் நினைத்ததாகச் சொன்னார். நூறு டிகிரி அளவுக்குச் சூடான காற்றில் தேயிலை மணக்கும், இந்த நிறமியோ வெப்பமும் காற்றும் பட்டால் கெட்டுப்போகும். இப்போது அறுவடையை உறைய வைத்து உலர்த்த வெளியே அனுப்புகிறார்கள். "கொழுந்து வந்த ராத்திரியே வாட்டணும் அம்மா. காலையில பாத்துக்கலாம்னு விட்டா புளிச்சுப் போகும். இதுவும் அப்படித்தான், ஈரமா இருக்கிறதை வெச்சுக்கிட்டு இருக்க முடியாது" என்றார். உணவுத் தொழில்நுட்பத்தில் நான் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

நான்காம் நாள்: கோத்தகிரி, முழுநாள் மூட்டம்

காலையிலிருந்து மூட்டம் இறங்கி முற்றத்துக் கண்ணாடிக் குழாய்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்குப் போட்ட அறையில் பேச்சு. பேராசிரியர், நிறுவனத்தின் உற்பத்திப் பொறுப்பாளர், மாணவி, நான்.

காப்புரிமை யாருக்கு, கட்டுரை எப்போது வெளியிடலாம் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவற்றுக்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. மீதி நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி: 200 லிட்டரில் நன்றாக நடப்பது 2,000 லிட்டரில் ஏன் நடக்கவில்லை? மூன்றாண்டில் பெரிய அமைப்பை ஆறு முறை ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு முறை நல்ல சிவப்பு. நான்கு முறை நட்டம். அந்த இரண்டு முறை என்ன சரியாக நடந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. முதல் முறை ஓட்டிய மாணவர் பட்டம் முடித்துப் போய்விட்டார். அவருடைய குறிப்பேடு துறையின் அலமாரியில் இருக்கலாம். நிறுவனத்தின் பதிவேட்டில் தேதியும் லிட்டரும் கிலோவும் மட்டுமே இருந்தன.

பேராசிரியர் மனம் திறந்து பேசினார். ஒரே 200 லிட்டரைப் பத்து முறை ஓட்டிப் பத்து முறையும் ஒரே விளைச்சல் வந்தால் அதை எந்த ஆய்விதழும் வெளியிடாது. மாணவிக்குப் பட்டம் கிடைக்கப் புதுமை வேண்டும், திரும்பச் செய்தது போதாது. உற்பத்திப் பொறுப்பாளரும் ஒளிக்காமல் சொன்னார். பத்து முறை ஒரே மாதிரி வந்ததைக் காட்டாமல் பெரிய முதலீட்டுக்கு அவரால் கையெழுத்துப் போட முடியாது; ஆனால் அந்தப் பத்து முறையைத் தன் ஆட்களை வைத்துச் செய்தால், விற்பனைக்குப் பொருள் தராத செலவு என்று மேலிடம் கேட்கும். இருவரும் சொன்னது உண்மை. அதனால்தான் நடுப்படி அனாதையாகக் கிடக்கிறது. பல்கலைக்கழகத்தின் வேலை குடுவையோடு முடிகிறது. நிறுவனத்தின் வேலை டன்னில் தொடங்குகிறது. இடையில் திரும்பத் திரும்பச் செய்து கைப்பழக்கம் ஆக்க வேண்டிய அந்த ஓராண்டு வேலை எவர் பெயரிலும் இல்லை. என் ஸ்பைருலினாத் தொட்டி வெளுத்துப் போனதும் இந்த இடைவெளியில்தான்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான். இரு தரப்பும் பாதிப் பாதிச் சம்பளம் கொடுத்து, பட்டத்துக்காக அல்லாமல் இந்த வேலைக்காகவே ஒருவரை மூன்றாண்டு அமர்த்த வேண்டும். பதிவேடு ஆலையிலேயே இருக்க வேண்டும், தமிழில் இருக்கலாம், இரு தரப்பும் வாரந்தோறும் கையெழுத்திட வேண்டும். கெட்டுப்போன ஓட்டங்களை நல்லவற்றைவிட விரிவாக எழுத வேண்டும். 2,000 லிட்டரில் தொடர்ச்சியாகப் பத்து முறை குறித்த அளவு சிவப்பு வரும் வரை அடுத்த தொட்டிக்குப் பணம் ஒதுக்கக் கூடாது. கடைசி வரியைப் பொறுப்பாளர் இரண்டு முறை படித்தார், மறுப்புச் சொல்லவில்லை.

விளம்பரத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஊட்டச்சத்துப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது. நிறுவனத்தார் ஸ்பைருலினாவையும் சேர்த்து விற்க நினைப்பதால் நான் ஒன்றை அழுத்திச் சொன்னேன்: சைவ உணவினருக்கு வைட்டமின் பி12 தருவது என்று பெட்டியில் அச்சிடாதீர்கள். ஸ்பைருலினாவில் உள்ளதில் பெரும்பகுதி மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். இரத்தசோகை உள்ள ஒரு பெண் அதை நம்பி மருந்தை நிறுத்தினால் அந்தப் பாவம் நம்மைச் சேரும். உரக்கடை உப்புகளைக் கரைசலுக்குப் பயன்படுத்துவதையும் தவிர்க்கச் சொன்னேன். அவற்றில் கலந்திருக்கும் கன உலோகங்களைப் பாசி உறிஞ்சித் தன்னில் சேர்த்துக்கொள்ளும். இது லூசி வில்ஸ் எலிகளோடு இருந்த மலை; இங்கே செய்யும் ஊட்டச்சத்தில் பொய் கலக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

மூட்டம் விலகவேயில்லை. ஆண்டில் எத்தனை நாள் இப்படி இருக்கும் என்று கேட்டேன். திட்ட அறிக்கையில் 300 உற்பத்தி நாட்கள் என்று போட்டிருந்தார்கள்; ஆடி, ஆவணியைத் தவிர மற்ற காலம் வெயில்தான் என்ற கணிப்பு, உதகையின் மழையை வைத்துப் போட்டது. தேநீர் கொண்டுவந்த பெரியவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஊட்டிக்கு ஆடி மழை. எங்களுக்கு தொட்டபெட்டா மலை மறைக்குது, ஐப்பசி கார்த்திகைதான் அடைமழை" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "என்கிட்ட நோட்டு இருக்கு, வேணும்னா பாருங்க" என்றார்.

ஐந்தாம் நாள்: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம்

காலையில் பெரியவர் வீட்டுக்குப் போனோம். இரும்புப் பெட்டியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய குறிப்பேடுகளை எடுத்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு உரியவை. மூட்டமான நாளில் கொழுந்து வாட சூடான காற்று விட வேண்டும், வெயில் நாளில் வெறும் விசிறி போதும். அந்த விறகுக் கணக்குக்காக ஒவ்வொரு நாளும் வெயில் எத்தனை மணிக்கு வந்தது, மூட்டம் எப்போது இறங்கியது என்று எழுதிவைத்திருக்கிறார். பென்சில் எழுத்து, சின்னது, ஒரு நாள்கூட விடுபடவில்லை. கொழுந்து வராத நாளில்கூட 'கொழுந்து இல்லை, மூட்டம் 11 முதல்' என்று இருந்தது. மாணவி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் கைப்பேசியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கத் தொடங்கினாள். ஒளி அளவுக்காக அவள் இரண்டு ஆண்டாகச் செயற்கைக்கோள் மதிப்பீடுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். இந்த வீடு ஆலையிலிருந்து நடந்து போகும் தூரம்.

புதிய பதிவேட்டில் வெயில், மூட்டம் என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். அவற்றைப் பெரியவரே நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குக் கூலி உண்டு என்று ஒப்பந்த வரைவில் ஒரு வரி சேர்த்தாயிற்று.

பேருந்தில் மடியில் ஒரு துணிப்பை. அதில் பஞ்சடைத்த குடுவையில் 200 மில்லி பச்சைக் கல்ச்சர், எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு. குஞ்சப்பனை தாண்டியதும் ஈரத்துணியால் சுற்றினேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது வெப்பமானி 31 காட்டியது. கோவைப் பேருந்து வரும் வரை குடுவையை நிழலில் வைத்துவிட்டு, மாணவி அனுப்பிய படங்களில் ஓர் ஐப்பசியைத் திறந்து என் குறிப்பேட்டில் எடுத்தெழுதத் தொடங்கினேன்: மூட்டம். மூட்டம். மழை. வெயில் 9 முதல் 11. மூட்டம். மழை. மழை. மூட்டம், கரண்ட் இல்லை. வெயில் 1 முதல் 3.